சாப்பாட்டு மேசைப் பரீட்சை: கிரேஸ் டீச்சர் நினைவாக

எங்கள் கட்டடத்துத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பழைய புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே, கிரேஸ் டீச்சர் இன்று காலை பாளையங்கோட்டையில் இறந்துவிட்டார் என்று அவருடைய போனிலிருந்து கணவர் ஜெபராஜ் அண்ணன் எழுதியிருந்தார். சிகிச்சைக்காகக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனவர். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவை அடங்குவதற்குள், "அப்போ இனிமே மேத்ஸ் யார் எடுப்பாங்க?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டார். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்று வந்தது எனக்கு. கிரேஸ் டீச்சராக இருந்தால் சிரித்திருப்பார். "கேக்கத்தான செய்வாவ மாலா, பரீட்சை நிக்கவா போகுது?" என்று சொல்லியிருப்பார்.

வளைகுடாவில், இந்த மங்காஃபில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னையும் தெரியும், அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் வேதியியல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் நான் நடத்திப் புரியாத பாடத்தை மாலையில் அவர் வீட்டில் நானே வந்து நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அங்க நீ டீச்சர், இங்க நீ பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அதான்" என்பார்.

இந்த ஊரில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க வழிக்குப் பஞ்சமே இல்லை. காலைப் பள்ளி, இடம் கிடைக்காவிட்டால் மத்தியானப் பள்ளி, பலகை மாட்டிய டியூஷன் சென்டர், வீட்டுக்கே வரும் வாத்தியார், ஆன்லைனில் கேரளத்திலிருந்து கணக்குச் சொல்லித்தரும் பையன் என்று நீண்டுகொண்டே போகும். எது வேண்டுமோ பொறுக்கிக்கொள்ளலாம். அகாமா மட்டும் இருக்க வேண்டும். இங்கே தங்குவதற்கான அந்த அனுமதி போய்விட்டால் பள்ளிக்கூடம் பெயரை எடுத்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அதன்பிறகு எந்த வழியும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வாசல் கிரேஸ் டீச்சருடையது. அந்த வாசலும் சட்டப்படி திறந்திருக்கக் கூடாது.

வீட்டில் டியூஷன் எடுப்பது தெரிந்தால் வம்பு என்பதால், பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வெளியே விடக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். ஆரம்பத்தில் அந்தச் சட்டம் இல்லை. ஒருநாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரிஸ், எகிப்துக்காரர், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் காட்டி என்னவென்று கேட்டிருக்கிறார். "பர்த்டே" என்று சமாளித்திருக்கிறார் டீச்சர். மறுநாளும் அதே குவியல். "மேடம், எவ்ரிடே பர்த்டே?" என்று அந்த மனிதர் சிரிக்காமல் கேட்டாராம். அன்றிலிருந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் செருப்பைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் திரிகோணமிதி படித்தீர்கள். ஹாரிஸ் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நஸ்ரினை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒல்லியாக, சன்னலோர நாற்காலியில் உட்காருவாள். கீழக்கரைக்காரர்கள். அவளுடைய வாப்பா சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். காகிதத்தில் முதலாளியாக இருந்து விசா கொடுத்த கஃபீலுக்கும் அவருக்கும் ஏதோ தகராறு. வேலையை விட்டு ஓடிப்போய்விட்டார் என்று கஃபீல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். ஓடிப்போனவர் என்னவோ கடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் காகிதம் சொன்னதுதான் செல்லும். குடும்பத்துக்கே அகாமா போயிற்று, நஸ்ரினின் பெயரும் பள்ளியிலிருந்து போயிற்று. அப்போது அவள் எட்டாம் வகுப்பு.

அவளுடைய உம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "பாத்திரம் கழுவித்தாரேன் டீச்சர், வீடு கூட்டித்தாரேன்" என்று அந்த அம்மா அழுதார். "நீங்க ஒண்ணும் கழுவ வேண்டாம். பிள்ளைய யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்க" என்றார் கிரேஸ் டீச்சர். எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடமே இல்லாத பிள்ளைக்கு எதற்கு யூனிஃபார்ம்? அவர் சொன்னார்: "யூனிஃபார்ம் போட்ட பிள்ளைய எந்தப் போலீஸும் நிறுத்தி ஐடி கேக்க மாட்டான். ஸ்கூல் விட்டு பிள்ளையள் வருத நேரத்துக்கு அவளும் அந்தக் கூட்டத்தோட வரட்டும்."

அப்படியேதான் வந்தாள். பத்தாம் வகுப்புப் பாடம் முடியும்வரை அதே பழைய பள்ளியின் உடுப்பு. வளர வளர டீச்சரே மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். உங்களிடம் அவள், நீங்கள் யாரும் படிக்காத அந்தப் பள்ளியிலேயே இன்னும் படிப்பதாகச் சொல்லியிருந்தாள். "உங்க ஸ்கூல்ல டெஸ்ட் முடிஞ்சுதா?" என்று யாராவது கேட்டால், முடிந்தது என்றோ அடுத்த வாரம் என்றோ சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். கிரேஸ் டீச்சர் பலகையை விட்டுத் திரும்பவே மாட்டார்.

ஒருமுறை பொறுக்காமல், எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சரியாகும்னு உனக்கு யாரு சொன்னா? நம்பிக்கை குடுக்கது நம்ம வேலை இல்ல மாலா. நமக்குத் தெரிஞ்சது கணக்கும் கெமிஸ்ட்ரியும். அத ஒழுங்காக் குடுப்போம்." அன்று அவர் மேல் எனக்குக் கோபம்தான். இவ்வளவு கறாராக ஒருத்தி இருப்பாளா என்று நினைத்தேன்.

ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவளைத் தனியாகப் பதிய முடியுமா என்று விசாரிக்க என்னை இழுத்துக்கொண்டு அலைந்ததும் அதே கிரேஸ் டீச்சர்தான். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கவுண்டரிலும் ஒரே பதில்: சிவில் ஐடி கொண்டு வாருங்கள். அகாமா இல்லாமல் அந்த அட்டை ஏது? "பிள்ளைக்குக் கணக்கு வருமான்னு பாக்கதுக்குத்தான பரீட்சை? இல்ல, அவ அப்பனுக்கு அகாமா இருக்கான்னு பாக்கதுக்கா?" என்று கடைசிக் கவுண்டரில் குரலை உயர்த்திவிட்டார். அங்கிருந்த தமிழ்ப் பையன் சங்கடத்தோடு, "நான் என்ன மேடம் செய்யட்டும், சிஸ்டம் எடுக்காது" என்றான்.

பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த உங்களில் ஒருவரிடமிருந்து கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று பிற்பகல் நஸ்ரினைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தார். ஜெபராஜ் அண்ணன் டிவி போடக் கூடாது, ஃபோன் பேசக் கூடாது, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டக் கூடாது. முழு நேரப் பரீட்சை. நேரம் முடிந்ததும், அவள் கடைசிக் கணக்கில் விடைக்குப் பக்கத்தில் வந்திருந்தும், தாளைப் பிடுங்கிக்கொண்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படியே நடந்தது. அறிவியல் தாளைத் திருத்தியது நான். இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, "போர்டுல குடுப்பானா இத?" என்று கேட்டு அடிக்க வைத்தார். அடித்தபிறகும் நஸ்ரின் நன்றாகவே தேறியிருந்தாள்.

திருத்திய தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "இத வெச்சு என்ன டீச்சர் செய்யிறது?"

"ஒண்ணுஞ் செய்ய முடியாதுட்டி" என்றார் கிரேஸ் டீச்சர். "பொய் சொல்ல மாட்டேன் ஒன்கிட்ட."

கொஞ்ச காலத்தில், அகாமா இல்லாதவர்கள் அபராதமின்றி ஊர் திரும்பலாம் என்று அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. குடும்பம் ஊருக்குப் போயிற்று. ஊரில் தனித்தேர்வராக எழுதலாம், அதற்கு இதெல்லாம் செய்ய வேண்டும் என்று கிரேஸ் டீச்சர் இங்கிருந்து போன் போட்டபடியே இருந்தார். விண்ணப்பிக்கும் நேரத்தில் கல்யாணம் பேசிவிட்டார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். அந்த அப்புறம் எப்படிப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கல்யாணச் செய்தி வந்த அன்று பிள்ளைகளைக் கதவிலேயே திருப்பி அனுப்பினார். எனக்குத் தெரிந்து அவர் வகுப்பு எடுக்காத ஒரே நாள் அதுதான். நான் கீழே போனபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மறுநாள் வகுப்பு வழக்கம்போல நடந்தது.

அவர் இறந்து சில நாட்கள் கழித்து நஸ்ரின் எனக்குப் பேசினாள். இடுப்பில் குழந்தை சிணுங்குவது கேட்டது. அழவில்லை. விவரங்களை விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க மாமி வீட்ல என்னைய ஏழாங்கிளாஸ்னுதான் சொல்லுவாங்க டீச்சர். ரேஷன் கார்டுக்கு எழுதும்போதும் அப்படித்தான் சொன்னாங்க. நான் வாயத் தொறக்கல. சொன்னா, எங்க சர்டிபிகேட்டுன்னு கேப்பாங்க. கிரேஸ் டீச்சருக்குத் தெரியும்ல, போதும்னு இருந்துட்டேன். இப்ப அவங்களும் மவுத்தாயிட்டாங்க."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுச் சமாதானப்படுத்துவது கேட்டது.

"நீங்க இருக்கீங்கல்ல டீச்சர்?" என்றாள்.

இருக்கிறேன் என்றேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க, இங்க யாரு படிக்கப் போறா என்றாள்.

கிரேஸ் டீச்சர் எனக்கு விட்டுப்போனது இது ஒன்றுதான். அந்தப் பெண் பத்தாம் வகுப்புத் தேறியவள் என்பதற்குச் சாட்சி சொல்ல, தாள் திருத்தியவர்களில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தவர்கள் நீங்கள், அதனால் உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இதனால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.