சாப்பாட்டக்காவின் ஏர் ஹாரன்

சாப்பாட்டக்காவுக்குக் கடவுள் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தார்; குரலை மட்டும் கிள்ளிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்லியும் பாதி நாள் அவள் வராதவர் பட்டியலில்தான் இருந்தாள். இப்போதும் வீட்டில் கணவரைக் கூப்பிடக் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். அவர் சமையல், அவள் வண்டி. அவர் ஆக்கிக் கொடுக்கும் சோற்று அண்டாக்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, தினமும் மத்தியானம் கல்குவாரிக்குள் இறங்குவாள். அங்கே அறுபது பேர் பசியோடு காத்திருப்பார்கள்.

வண்டியின் ஹாரனும் அவளை மாதிரியேதான். கல் உடைக்கும் மெஷின் இரைச்சலில் அது கொசு பாடியது போல இருக்கும். ஒரு திங்கட்கிழமை, குவாரி டிரைவர் மீசைக்காரர் ஓட்டிய டிப்பர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்து, அவள் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆனால் அவர் நிறுத்தியது பாட்டை மாற்றுவதற்காக.

"அக்கா, இங்கயா இருந்தீங்க? சத்தமே காணோமே!" என்று சிரித்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று சாயங்காலமே வண்டி எலக்ட்ரீஷியன் கடையில் நின்றது.

"ஏர் ஹாரன் போட்டுடலாம்க்கா. எவ்வளவு சத்தம் வேணும்?"

அவள் ஏதோ சொன்னாள்.

"என்னது?"

"இந்த மாதிரி யாரும் என்னைப் பாத்து 'என்னது'ன்னு கேக்கக் கூடாது. அவ்வளவு வேணும்."

அவர் பானெட்டுக்குள் கம்ப்ரசரை இறுக்கினார். நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று என இரண்டு குழல்களை, மழைத் தண்ணீர் தங்காதபடி வாய் சற்றே கீழே பார்க்கப் பொருத்தினார். "பழைய வயர் தாங்காது, பொசுங்கிடும்" என்று பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, ஃப்யூஸும் ரிலேயும் வைத்தார். "அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு முதல் வேலையாகக் காதைப் பொத்திக்கொண்டார்.

அமுக்கினாள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் சட்டையெல்லாம் டீ. அவள் இன்னொரு தடவை அமுக்கினாள், வெறும் ஆசைக்கு.

"இனிமே சண்டைன்னா வண்டிக்குள்ள உக்காந்துதான் போடுவியா?" என்றார் கணவர், அன்று ராத்திரி வீட்டில்.

"ஆமா. பேட்டரியக் கழட்டி ஒளிச்சு வெச்சுடாதீங்க."

மறுநாள் குவாரியில் இறங்கியபோதே மீசைக்காரரின் டிப்பர் ரிவர்ஸில் வந்தது. அவள் ஹாரனை அமுக்கிப் பிடித்தாள். சத்தம் பாறைக்குப் பாறை மோதி ஊளையிட்டது.

டிப்பர் நின்றது. டிப்பர் மட்டுமா? கல் உடைக்கும் மெஷினும் நின்றது. ஆட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மீசைக்காரர் கீழே குதித்து, பின்னங்கால் பிடரியில் பட ஓடினார். பாறைக்கு வெடி வைக்கும் முன் இப்படித்தான் நீளமாகச் சைரன் ஊதுவார்கள். ஊதியதும் எல்லாரும் கான்கிரீட் கொட்டகைக்குள் ஒதுங்கிவிட வேண்டும். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டியை மெல்லக் கொட்டகை வாசலுக்கு விட்டாள். உள்ளே அறுபது பேரும் காதைப் பொத்திக் குந்தியிருந்தார்கள்.

"வெடி எப்போ?" என்றது ஒரு குரல்.

"வெடி இல்ல. சோறு" என்றாள்.

மெஷின் நின்ற அமைதியில், முதல் தடவையாக அவள் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது.

மேஸ்திரி எழுந்தார். இன்று வெடி கிடையாது என்று காலையில் பலகையில் எழுதியவரே அவர்தான். "யாரைக் கேட்டு இந்த ஹாரனை..."

"அண்ணே, எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்ததே நீங்கதானே?" என்றார் மீசைக்காரர்.

கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது. மேஸ்திரி அசடு வழிய நின்றார்.

"கழட்டச் சொல்லிடாதீங்கண்ணே" என்றாள் அவள். "நேத்து இவர் வண்டி ஒரு முழத்துல நின்னுச்சு."

மீசைக்காரரின் சிரிப்பு நின்றது. "ஹாரன் அடிச்சீங்களாக்கா?"

"கைய எடுக்கவே இல்ல."

மேஸ்திரி பலகையைத் துடைத்து எழுதினார்: நீளமாக ஒன்று, வெடி. குட்டையாக இரண்டு, சாப்பாட்டக்கா. டிப்பர் எல்லாம் நிற்க வேண்டும்.

அடுத்த நாள் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டினாள். நான்கு டிப்பர்களும் நின்ற இடத்தில் நின்றன. மீசைக்காரர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"கேட்டுச்சுக்கா, கேட்டுச்சு!"

அவள் இன்னொரு தடவை அமுக்கினாள், வெறும் ஆசைக்கு.