பெட்டிக்குக் கட்சி கிடையாது

மைக்கின் தலையில் ஒரு தட்டு. "ஹலோ... ஹலோ... செக்." பிறகு கூடத்தின் கடைசி வரிசைக்கு நடந்துபோய், ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் காதைக் கொடுத்து நிற்பார். யாரும் பேசாதபோதும் பெட்டிக்குள் ஓர் இரைச்சல் இருக்குமாம். அது சரியாக இருந்தால் மூக்கைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார். ஊரே இந்த மைக் செட்காரரை 'ஹலோ அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறது.

துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டம் வந்ததிலிருந்து அவருக்கு நிற்க நேரமில்லை. காலையில் எதிர்ப்புக் கூட்டம், மாலையில் துறைமுகக் கம்பெனியின் விளக்கக் கூட்டம். பேனர்தான் மாறும், பெட்டிகள் அதே பெட்டிகள். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை மட்டும் தரப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே வைத்திருக்கிறார். "ஒருத்தர் எச்சி இன்னொருத்தருக்கு ஆகாது பாருங்க" என்றார். கொள்கை என்று அவரிடம் நான் கண்டது இது ஒன்றைத்தான்.

பேச்சாளர்களைக் குரலை வைத்துத்தான் எடைபோடுவார். கம்பெனி மேலாளர் வாயை ஒட்டவைத்து மைக்கைத் தின்கிறார். மீனவர் சங்கத் தலைவருக்குக் கட்டைக் குரல்; செட்டில் அடிநாதத்தை, அந்த 'பாஸை', குறைத்தால்தான் சொல் பிரியும். சரி, என்னதான் பேசினார்கள் என்று கேட்டால், "அது நமக்கெதுக்கு சார்? பெட்டிக்குக் கட்சி கிடையாது" என்பார்.

இதை அவர் வீட்டில் வைத்துச் சொன்னபோது, குழாயடியில் மட்டிச் சிப்பி கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவேயில்லை. "பெட்டிக்கு இல்ல, சரி. உங்களுக்குமா இல்ல?"

கடல் வற்றும் நேரத்தில் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறவர் அந்த அம்மாள். வீட்டுச் செலவில் பாதி அந்தச் சேற்றிலிருந்துதான் வருகிறது. அது பாதுகாக்கப்பட்ட காடு. மட்டி பொறுக்கலாம், குச்சி ஒடிக்கக் கூடாது. காய்ந்த சுள்ளி ஒன்றை ஒடித்துவிட்டார் என்று வன அலுவலக வாசலில் ஒருமுறை அரை நாள் அவரை உட்காரவைத்துவிட்டார்கள். அதே அலுவலகம்தான் இப்போது காட்டில் கால்வாசியைத் தோண்டிக் கப்பல் வழி போடச் சம்மதம் தந்திருக்கிறது. அந்த அம்மாள் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஹலோ அண்ணன் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் நிலைமையும் லேசானதல்ல. கம்பெனிக்கு ஆண்டு முழுக்க ஏதாவது கூட்டம் உண்டு. அவருடைய பெரிய வாடிக்கையே அதுதான். "நான் பேசினா அவங்க வேற செட்டைக் கூப்பிடுவாங்க. பேசலைன்னா இவ என்னைக் கூப்பிட மாட்டா" என்றார், வானிலை சொல்வதுபோல.

திட்டத்தைப் பற்றி அரசு நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் அவர் செட்தான். மைக்கில் வந்து சொல்வது மட்டுமே பதிவாகும், உட்கார்ந்த இடத்திலிருந்து கத்துவது காற்றோடு போய்விடும் என்று அதிகாரி முதலிலேயே அறிவித்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் வரிசையாக ஏறி, வேலை வரும், வளர்ச்சி வரும் என்று ஒப்பித்தார்கள். ஹலோ அண்ணனின் மனைவியும் போனார். "எனக்கு வேற பொழப்பு தெரியாதுங்க. அந்தச் சேத்த விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கணவர் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்புத் தரப்பில் கடைசியாகப் பேசியவர் சங்கத் தலைவர்; நல்ல உயரம், மைக்கை ஏற்றிவைத்துப் பேசினார்.

"வேற யாராவது உண்டா?" என்று கேட்டபடியே அதிகாரி காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். முன்வரிசையில் கம்பெனி மேலாளர் கிளம்பத் தயாராகச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

ஹலோ அண்ணன் ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து மேடையேறி மைக்கின் முன்னால் வந்து நின்றார்.

"மைக்கெல்லாம் நல்லாத்தான்பா கேக்குது" என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல். "நீ போய் உட்காரு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார்.

ஹலோ அண்ணன் போகவில்லை. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கைத் தன் வாய் உயரத்துக்கு இறக்கி, திருகை மறுபடி இறுக்கினார்.