பஸ் இருக்கும் படங்களைத் தொடவும்

"மகிழ்ச்சியான செய்தி!" என்றுதான் அந்த மெயில் ஆரம்பித்தது. அடுத்தவர் வயிற்றில் அடிக்கப் போகிறவர்கள் எல்லாம் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். "எங்கள் குடும்பம் பெரிதாகிறது" என்பது இரண்டாவது வரி. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸில், ஈரத் தலையும் எண்ணெய் வாடையுமாக நெருக்கியடிக்கும் சீசன் கூட்டத்துக்கு நடுவே, போன் காதுக்குள் படித்துச் சொல்ல, உமா மகேஸ்வரி அதைக் கேட்டாள். விஷயம் இவ்வளவுதான்: அவள் குறிப்பெழுதி வைக்கிற செயலியை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதன் பெயரை இங்கே எழுதி அவர்களுக்கு விளம்பரம் தேடித் தருவானேன்?

"வித்துட்டுப் போறான், ஒனக்கென்னக்கா?" என்றான், வீட்டில் அதைக் கேட்ட தம்பி பாண்டித்துரை. அவன் சொல்லலாம். அவனுக்கு வந்த கடிதத்தை யாரும் ஊரைக் கூட்டி வைத்துப் படித்ததில்லை.

உமாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாற்பத்தைந்து வயது. தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பார்வை இல்லையே என்று அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அவளுடைய ஆத்திரம் வேறு. அவளுக்கென்று வந்த எதுவும் முதலில் அவளிடம் வந்ததில்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, அப்பா போடும் கார்டை வார்டன் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் படிப்பாள். நடுவில் நிறுத்தி, "ஒங்கப்பா கையெழுத்து கோழி கிளறுன மாரில்லா இருக்கு" என்பாள். பரீட்சையில் இவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வரும். அந்த ஆள் நடுநடுவே உச்சுக்கொட்டும்.

பி.எட். முடித்த வருஷம், கூடப் படித்த ஆவுடையப்பன் திருவேங்கடத்திலிருந்து ஒரு கடிதம் எழுதினான். எங்களுடையது காய்ந்த காடு, உங்கள் ஊர்ச் சாரல் எப்படி இருக்கும், எழுதுங்கள் என்று கேட்டிருந்தான். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது பாண்டித்துரைதான் அதைப் பிரித்துப் படித்தான். "சாரலு தெரியாமத்தான் இவனுக்குச் சோறு எறங்கலையாம்லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உமாவும் சிரித்து வைத்தாள். பதில் எழுத வேண்டுமானால் அதே தம்பியிடம்தான் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் ஆயிற்று.

பிரெயில் புள்ளியெழுத்து இருக்கிறதே என்று கேட்கலாம். அதை டக்டக்கென்று குத்தி எழுத வேண்டும். வீடு முழுக்கக் கேட்கும். "என்ன எழுதுதிய?" என்று ஒரு குரல் வராமல் இருக்காது.

அந்தச் செயலியைப் போனில் போட்டுத் தந்தவர் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஹுஸைஃபா சார். விரல் படுகிற இடத்தில் எல்லாம் இது இன்னது என்று போன் அவள் காதில் மட்டும் சொல்லும். திரையை இருட்டாக்கி வைத்துக்கொண்டே எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெறும் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். உமா முதலில் பாடக் குறிப்புகளைத்தான் எழுதினாள். பிறகு மற்றதெல்லாம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது வந்தது. தம்பி மனைவி ஜெயபிரியா வந்தாள். "இன்றைக்கும் சாளையில் முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தாள். எனக்கு நாக்கு இல்லையா? நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக் கடித்துவிடலாம் போல இருக்கிறது." இப்படி எழுதி முடித்த பிறகு, அந்த மீனை அவளால் முகம் சுளிக்காமல் சாப்பிட முடிந்தது. ஒரு மழை நாளில் ஆவுடையப்பனுக்கும் எழுதினாள். "சாரல் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள்" என்று தொடங்கி நெடுநேரம் எழுதினாள். அனுப்புவதற்காக எழுதியதில்லை அது.

இதைத்தான் விற்றிருந்தார்கள். பார்வையில்லாதவர்களுக்கு உள்ள வசதிகள் இனியும் இருக்குமா என்று புதுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். "உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடியும் விலைமதிப்பற்றது. "ஒண்ணும் ஆகாது டீச்சர், பெரிய கம்பெனி" என்றார் ஹுஸைஃபா. பெரிய கம்பெனி என்பதுதான் அவளுக்குப் பயமே.

ஒரு காலையில் செயலி தானாகவே புதுசாகியிருந்தது. உமா விரலை வைத்தாள். "பட்டன்" என்றது போன். தள்ளி வைத்தாள். "பட்டன்." இன்னும் தள்ளினாள். "பட்டன்." எந்தப் பட்டன், எதற்குப் பட்டன், ஒன்றும் கிடையாது. அழகாக இருக்க வேண்டும் என்று எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் படம் போட்டிருக்கிறார்களாம். யாருக்கு அழகு? குருட்டாம்போக்கில் ஒன்றை அமுக்கினாள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடக் குறிப்பு ஒன்று அழிந்தது. போனைத் தூக்கி எறிந்தாள். கட்டில்மேல்தான் எறிந்தாள், அந்த நிதானம் இருந்தது. "நாசமாப் போவீய" என்று முகம் தெரியாதவர்களைத் திட்டினாள். அன்று வகுப்பில் பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை.

எழுதியதையெல்லாம் வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று ஹுஸைஃபா தேடிச் சொன்னார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய், மாதம் முடிவதற்குள் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பழையதெல்லாம் போய்விடும். உமா வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். போன் படித்தது: "நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்தவும். பஸ் இருக்கும் படங்களைத் தொடவும்."

சில இடங்களில் காதால் கேட்டுப் பதில் சொல்லவும் ஒரு வழி வைத்திருப்பார்கள். இவர்கள் அதையும் வைக்கவில்லை.

"நான் மனுஷிதாம்னு ஒங்கிட்ட நிரூபிக்கணுமாலே?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். "தெனமும் பஸ்ஸுலதானலே போறேன்!"

ஹுஸைஃபா தானே செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் அவள் எழுதியதில் ஸ்டாஃப் ரூம் பாதி இருக்கிறது, அதில் அவரும் இருக்கிறார். தம்பியை நினைத்தாலே பழைய சிரிப்பு கேட்டது. மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஜெயபிரியாவைத்தான் கூப்பிட்டாள்.

"பஸ்ஸு படத்தை மட்டும் தொடணும். அப்புறம் டவுன்லோடு. வேற ஒண்ணையும் பாக்காத."

"நான் எதுக்கு மைனி பாக்கப் போறேன்?"

போனின் பேச்சை நிறுத்தினால்தான் மற்றவர் விரலுக்கு அது லேசில் இணங்கும். உமாவே பேச்சை நிறுத்தினாள். இத்தனை வருஷமாக இருட்டாக்கி வைத்திருந்த திரையையும் தன் விரலாலேயே வெளிச்சமாக்கி நீட்டினாள்.

"பஸ்ஸு போயி சைக்கிளு கேக்கான் மைனி." சிறிது நேரம் கழித்து, "இப்பம் பாலம்." அதற்கப்புறம் சத்தமில்லை. வெளியே சீசன் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு பாலத்தைத் தொட இவ்வளவு நேரம் எதற்கு? உமா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும்.

"முடிஞ்சிட்டு மைனி" என்று போனைக் கையில் வைத்துவிட்டு ஜெயபிரியா அடுப்படிக்குப் போனாள். உமா பேச்சைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் இறங்கியிருந்தது. ஒன்றும் தொலையவில்லை.

மத்தியானம் சாளைக் குழம்பு. உமா தட்டில் கை வைத்தாள். மீன் முழுசாக இருந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் விரலை ஓட்டினாள். முள் குத்தியது.

"ஏட்டி, அக்காவுக்கு முள்ளெடுக்கலையா?" என்றான் பாண்டித்துரை.

"அவுகளுக்குத் தெரியும். நீங்க சாப்பிடுங்க" என்றாள் ஜெயபிரியா.

உமா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். நாக்கு முள்ளைத் தேடிப் பிடித்து ஒதுக்கியது. எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காத மீன் அது, ருசியாகவும் இருந்தது. அதனாலேயே நெஞ்சு கொதித்தது. கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை, ஒளித்து வைத்த இடத்திலிருந்து ஜெயபிரியா எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பாண்டித்துரைக்குப் போன் வந்தது. கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனான். அவன் குரல் தெருவில் கேட்கும் வரை உமா காத்திருந்தாள்.

"எத்தனை வாசிச்ச?"

கரண்டியைச் சட்டியில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எம்பேரு இருந்துச்சி மைனி. அது ஒண்ணுதான் வாசிச்சேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "சாரல் எப்படி இருக்கும்னு ஒண்ணு இருந்துச்சி. அதை நான் வாசிக்கல" என்றாள்.

உமாவின் கை தட்டிலேயே நின்றது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வாசலில் நிற்பவன் என்னவென்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவான். அது ஜெயபிரியாவுக்கும் தெரிந்திருந்தது. இன்னொரு மீனை எடுத்து முள்ளோடு தட்டில் வைத்தாள். உமா அதைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.