பெரியவர்கள் பானை

சிங்காநல்லூர் மில்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் வெங்கடம்மாளும் ஒருத்தி. வந்த மறுவருஷமே புருஷன் காலராவில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. லைன் வீட்டில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள்.

அந்த லைன் முழுக்கத் தெலுங்குக் குடும்பங்கள். மில் சங்கு ஊதியதும் வேலை செய்யும் வயசுள்ளவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். வீட்டில் மிஞ்சிய கிழவன் கிழவிகளுக்குத் தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஒருநாள் ஒரு கிழவி, ஊருக்கு ரயிலேறப் போகிறேன் என்று கிளம்பி, போத்தனூர்த் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

மேஸ்திரி கோவிந்தராஜுலு அன்று சாயங்காலமே லைன்காரர்களைக் கூட்டினார். வீட்டுக்கு ஒரு கைப்பிடி ராகி, தினமும் காலையில் பொதுப் பானையில் போட வேண்டும். களி கிண்டி மத்தியானம் பெரியவர்களுக்குப் போட்டு, மற்றவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வது வெங்கடம்மாள் பொறுப்பு. லைனில் தகரக் கூரை கொதித்ததால் அவர்களைக் குளத்தங்கரைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம், கண் புரையோடிய ராமுலு தாத்தா வரிசையில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் நாயனா தள்ளிப் போறீங்க?" என்று கேட்டாள் வெங்கடம்மாள்.

"இந்தம்மா உக்கார வேண்டாமா?"

அவர் கை காட்டிய இடத்தில் யாரும் இல்லை. மறுநாள் மற்றவர்களும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, அங்கே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பரிமாறிக்கொண்டு அந்த இடத்தை வெங்கடம்மாள் தாண்டும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். "அவளுக்கு மட்டும் ஏன் போடலை?" என்று ஒரு கிழவி அதட்டினாள்.

அவர்களைச் சமாதானப்படுத்த ஓர் இலையில் களி உருண்டை வைத்தாள். இலை எடுக்கும்போது பார்த்தால் உருண்டை அப்படியே இருந்தது. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்ததுபோலச் சில்லிட்டுச் சொட்டியது. குளத்தில் வீசிவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. சமைத்துக் கொண்டுபோகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, ஷிப்டு மாறியதில் மறந்தே போனாள். மத்தியானம் கழிந்து விழித்த வெங்கடம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லா வீடும் திறந்து கிடந்தது. ஒரு கிழவரும் இல்லை.

புங்கமரத்தடியில் வரிசையாக, வழக்கம்போல இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் நிறைவு.

"நாங்க சாப்பிட்டாச்சு" என்றார் ராமுலு. அவர் வாயைத் திறந்தபோது பல்லிடுக்கெல்லாம் கறுப்பாக இருந்தது. குளத்து மண். எல்லார் வாயிலும் அதுதான். காலி இடத்துக்கு முன்னால் ஈரக்கரை பிடிபிடியாகத் தோண்டப்பட்டிருந்தது.

"யாரு போட்டது?"

"தினமும் நம்மளோட உக்காருவாளே, அவதான். நீ வரமாட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

வெங்கடம்மாள் அழுதுகொண்டே ஒவ்வொரு வாயாக விரல் விட்டு மண்ணைத் தோண்டி எடுத்தாள். மதகு பார்த்துக்கொள்ளும் அங்கப்பன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். பார்த்ததும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, இவங்க வடக்க இருந்து வந்தவங்களுங்களா?"

"ஆமாங்க."

"தாது வருசப் பஞ்சத்துல இங்கதானுங்க கஞ்சித் தொட்டி வெச்சிருந்தாங்களாம். வடக்க இருந்து நடந்தே வந்த சனம் வரிசையா உக்காந்திருக்குமாமா. ஒருக்கா கஞ்சிக்குத் தவசம் கொண்டார வண்டி வராமப் போச்சுங்க. பசி தாங்காம மண்ணைத் தின்னுபோட்டுச் செத்தாங்கன்னு எங்கய்யன் சொல்லுவாருங்க. இந்தக் கரையிலயேதான் பொதைச்சாங்களாமா."

கோவிந்தராஜுலு இனி குளத்துப் பக்கமே போகக்கூடாது என்றார். லைன் வாசலிலேயே பந்தல் போட்டுப் பரிமாற ஏற்பாடாயிற்று. முதல் நாளே பெரியவர்கள் பந்தலிலும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கோவிந்தராஜுலு பானையையே நிறுத்திவிடலாம் என்றார்.

வெங்கடம்மாள் அதற்கு ஒப்பவில்லை.

"நிறுத்தினா என்ன ஆகும்னு நான் பார்த்துட்டேன். எனக்கு முடியாட்டி இன்னொருத்தி சமைக்கட்டும். அவளுக்கும் முடியாட்டி வேற ஆள். ஒருநாளும் பானை காலியா இருக்கக்கூடாது."

அப்படியே லைன் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் ராமுலு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். புதிதாக வேறு கிழவர்கள் வந்தார்கள். அவர்களும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் வேலைநிறுத்தம் வந்தது. மில் கதவைச் சாத்திவிட்டார்கள். எந்த வீட்டிலும் ஒரு பிடி ராகி இல்லை. விடிந்ததும் வெங்கடம்மாள் கூடையோடு வயல் வழியே நடந்து, கம்பு அறுத்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் என்ற பண்ணைக்காரி முன் நின்றாள்.

"வயசானவங்களுக்குங்க. இன்னிக்குப் பானையில ஒண்ணுமில்லீங்க."

சுப்பாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையை வாங்கிக் கம்பைக் கொட்டிக்கொண்டே கேட்டாள். "எத்தனை பேருங்க அம்மணி இருக்கறாங்க?"

வெங்கடம்மாள் வாயெடுத்தாள். எண்ணிக்கை வரவில்லை. திரும்பிக் குளத்தங்கரையைப் பார்த்தாள்.

"நெறையப் பேருங்க" என்றாள்.