மரியதாஸ் அவர்களின் சுற்றாத வீல் கப்

"மாஸ்டர், சில்லு சுத்தேக்கை நடுவில இருக்கிற படம் மட்டும் சுத்தாமல் நிக்க ஏலுமோ?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் மரியதாஸ் அவர்கள். கேட்ட இடம் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் வளவு. இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒரு காலையில், நான் 86ஆம் இலக்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய மகள் ஜெசிந்தா தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் பிறகு கண் திறக்கவில்லையாம். பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி நின்ற எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில் அடுத்ததாக வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அந்த வீல் கப் பிறந்த கதையை எழுதித் தரும்படி ஜெசிந்தா பிறகு கேட்டார். "அதை மாஸ்டரைத் தவிர வேற ஒருத்தரும் சரியாச் சொல்லேலாது எண்டு அப்பா சொல்லுறவர்" என்றார். அது உண்மை. எழுதுவதற்கு நான் தயங்கியதும் அதனால்தான்.

அவரை அறியாதவர்களும் இந்த மலரை வாசிக்கக் கூடும். லண்டனில் எங்கள் கலியாண மண்டப வாசல்களில் பால் வெள்ளையில் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சில்லு சுற்றும். சில்லின் நடுவை மூடும் வட்டத் தகடான வீல் கப்பில் இருக்கும் மாப்பிள்ளை, பொம்பிளையின் முதலெழுத்துகள் மட்டும் தலை நிமிர்ந்தபடி அப்படியே வரும். சிறுவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அந்தக் காரின் உரிமையாளர், சாரதி, அந்த வீல் கப்பை ஆக்கியவர் எல்லாம் ஒருவரே.

மரியதாஸ் அவர்கள் மன்னாரில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஜெர்மனியில் பதினொரு வருடம் கார்களின் தகர வேலை செய்யும் ஓரிடத்தில் நின்றுவிட்டு, மனைவி றோசலினோடும் கைக்குழந்தையோடும் லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் கராஜ் போட்டார். நானோ யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். இங்கே வந்த பின் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், மற்றவர்கள் படிப்பித்து முடித்த பின் கண்ணாடி முகவைகளைக் கழுவி அடுக்கினேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மாஸ்டராக இருந்தேன். இருவருக்கும் ஒரே வயது. அவர் எனக்கு நண்பர். அவரைக் கண்டால் எனக்குப் பொறாமை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னுடைய காரில் ஒரு சத்தம் வந்தது. கராஜுக்குக் கொண்டுபோய், இது பரிவு அதிர்வு என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். நான் அலைநீளத்துக்கு வருவதற்குள் அவர் பொனட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நட்டை இறுக்கினார். சத்தம் நின்றது. "மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மிச்சத்தையும் கேட்க நின்றார். என் மனைவி சரோஜா இந்தக் கதையைச் சொல்லாத கொண்டாட்ட வீடு கிடையாது.

இனி அந்த வீல் கப்புக்கு வருகிறேன். மொறிஸ் மைனர் முதல்முதலாகக் கலியாணத்துக்குப் போன நாள். மணமக்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று மரியதாஸ் அவர்கள் நாலு வீல் கப்பின் நடுவிலும் தன் மன்னார்ப் பக்கத்து மடுத் தேவாலய மாதாவின் படத்தைப் பதித்திருந்தார். நிற்கும்போது மிக அழகாக இருந்தது. கார் நகர்ந்ததும், தேவாலயப் படியில் நின்ற பிலோமினா அக்கா, அந்தப் பங்குச் சனத்துக்குள்ளேயே வயதில் மூத்தவர், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி, மாதா குத்துக்கரணம் அடிக்கிறா."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களை விடச் சற்று அதிகமாக. மரியதாஸ் அவர்களின் முகம் சுருங்கிப் போனது. காரை நிறுத்தி இறங்கி, படங்களின் மேல் நாலு கைக்குட்டைகளைக் கட்டிவிட்டுத்தான் மீண்டும் எடுத்தார். வேறு யாரும் என்றால் படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மறந்திருப்பார்கள். அவர் விருந்து முடிந்ததும் என்னைத் தேடி வந்து, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் மகிழ்ந்தேன். அன்றைக்காவது அவர் எனக்கு மாணவர். கையில் இருந்த கலியாணத் திருப்பலி ஒழுங்குத் தாளைத் திருப்பி, ஒரு வட்டம் கீறினேன். நடுவே அச்சு. அச்சைச் சுற்றி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'உராய்வு'. "எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் அச்சு சுத்தேக்கை படத்தையும் இழுத்துக்கொண்டுதான் போகும், மரியதாஸ். மத்து சுத்தினால் மோர் சும்மா நிக்குமோ?" என்றேன். அடியில் 'ஏலாது' என்று எழுதி இரண்டு கோடும் போட்டேன். அவர் "ஓம் மாஸ்டர்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று கிழமை கழித்துக் கராஜுக்கு வரச் சொன்னார். நான் போனபோது கார் ஒரு ஓரமாக நின்றது. "பக்கத்தில நிண்டு சில்லைப் பாருங்கோ" என்றுவிட்டு, கதவு வழியாக ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி காரைத் தள்ளினார். சில்லு சுற்றியது. மாதா சுற்றவில்லை.

மகள் போட்டு உருண்டு விளையாடும் சில்லுச் சப்பாத்தில் இருந்து ஒரு பேரிங்கை எடுத்திருந்தார். படத் தகட்டின் அடி விளிம்பில், டயர் நிறை சமப்படுத்த ஒட்டும் ஈயத் துண்டு ஒன்று. அவ்வளவுதான். அச்சு இழுக்கப் பார்க்கும். கீழே இருக்கும் கனம் விடாது. பத்தாம் வகுப்புப் பாடம். நான் நூறு தடவை படிப்பித்த பாடம்.

"நீங்கள் சொன்ன இழுவை இருக்குத்தான், மாஸ்டர். அதுதான் அடியில கனம் வைச்சனான்" என்றார்.

நல்லது என்று ஒரு சொல் வரவில்லை. "வேகமாப் போனால் இதுவும் சுத்தும்" என்றேன்.

"கலியாணக் கார் வேகமாப் போறேல்லை, மாஸ்டர்."

இன்னொரு புதினமும் இருந்தது. கார் புறப்படும்போது அடியில் உள்ள கனம் சற்றுப் பின்தங்கும். அதனால் மேலே மாதாவின் தலை கொஞ்சம் முன்னுக்குக் குனியும். பிறகு நிமிரும். பிலோமினா அக்கா அதைக் கண்டுவிட்டு, "இப்ப தலையசைச்சு அனுப்புறா" என்று சிலுவை போட்டுக்கொண்டார். சில மாதங்களில் பங்குத் தந்தை, மாதா சேற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம், உள்ளே சாரதிக்கு முன்னால் இருக்கட்டும் என்று தன்மையாகச் சொன்னார். அப்படித்தான் சில்லில் மணமக்களின் எழுத்துகள் வந்தன. செவன் கிங்ஸில் இருந்தும் லண்டனின் மறுபக்கத்து டூட்டிங்கில் இருந்தும் கேட்டு வந்தார்கள். வேறு பழைய கார்க்காரரும் தங்கள் கார்களுக்குச் செய்து தரச் சொன்னார்கள்.

ஒரு கோடையில் பழைய கார்கள் கூடும் பூங்கா ஒன்றுக்கு அவரோடு நானும் போனேன். ஆங்கிலேயர்கள் சில்லைச் சுற்றி நின்றார்கள். இதை யோசித்தது யார் என்று ஒருவர் கேட்டார். மரியதாஸ் அவர்கள் என் தோளில் கை வைத்து, "மாஸ்டர்தான். பேப்பரில கீறித் தந்தவர்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட மோசம், ஈர்ப்பு மையம் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அந்தப் பழைய கார்க்காரர் சங்கத்தின் சிற்றேட்டில் படத்தோடு என் பெயர் வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். "இதில நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று சரோஜா கேட்டார். "பௌதிகத் தத்துவம்" என்றேன்.

அன்று அந்தப் பூங்காவில் தொப்பி போட்ட ஒரு முதியவர், இப்படி நடுவில் சுற்றாத வீல் கப் விலையுயர்ந்த கார்களில் முன்னரே உண்டு என்று சொன்னார். எனக்கு முகம் சிவந்தது. என்னுடையதே அல்லாத ஒன்றை யாரோ என்னிடம் இருந்து பறித்ததுபோல் கோபம் வந்தது. மரியதாஸ் அவர்களோ அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப நாங்கள் பிழையாச் செய்யேல்லை, மாஸ்டர்" என்று திரும்பும் வழியெல்லாம் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

பெயர் என்னிடம் வந்த பிறகு அந்தப் பொறாமை போய்விடும் என்று எண்ணியிருந்தேன். போகவில்லை. மண்டபங்களில் என்னை "வீல் கப் மாஸ்டர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்று புன்னகைப்பார். பெயர் என்னிடம் இருந்தது, அதைச் செய்த கை அவரிடம் இருந்தது. அந்தப் பூங்காவில் சொன்னதோடு சரி, பிறகு ஒருநாளும் அவர் அந்தத் தாளைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

இறுதித் திருப்பலிக்கு முதல் நாள் செவன் கிங்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அப்பாவின் கராஜ் ஆயுதப் பெட்டிக்குள், சாவிகளோடும் சுத்தியல்களோடும் இருந்ததாம். உள்ளே அந்தத் திருப்பலித் தாள். எண்ணெய்க் கறை, மடிப்புகள், என் வட்டம், என் அம்புக்குறி.

"அங்கிள், இது உங்கட டிசைன்தானே? மலரில முழுப் பக்கமாப் போடப்போறன். கீழ கோடு போட்டிருக்கிற சொல்லு என்ன? எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவர் என் சனிக்கிழமைப் பள்ளிக்கு ஒரு வருடம் மட்டுமே வந்தவர். 'ஈர்ப்பு' என்று சொல்லியிருக்கலாம். பழைய தாள், வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கலாம். றோசலின் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏலாது எண்டு எழுதியிருக்கு, பிள்ளை. உங்கட அப்பா கேட்டதுக்கு நான் எழுதின மறுமொழி அது. மிச்சமெல்லாம் அவர் செய்தது."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்தானே, அங்கிள்?"

"ஓம். நல்லாத் தெரியும்."

தாளைத் திரும்ப உறைக்குள் வைத்தபடி, "அப்ப இதை அப்படியே போடுவம்" என்றார். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான். அந்த வீல் கப்பை ஆக்கியவர் மரியதாஸ் அவர்கள். ஏலாது என்று சொன்னவன் நான். வீட்டுச் சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் தேவாலயத்தில் நிற்க இடமில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அங்கே நின்றபோதும், என்னுடைய சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வெளியே வந்தோம். பிரேத வண்டிக்குப் பின்னால் மொறிஸ் மைனர் நின்றது. ஸ்ரியரிங்கில் ஜெசிந்தா. எழுத்துகளைக் கழற்றிவிட்டு, பழைய மாதா படங்களை நாலு சில்லிலும் அவரே பூட்டியிருந்தார். பங்குத் தந்தை பார்த்தார், தடுக்கவில்லை. கார் மெல்லப் புறப்பட்டது. மாதா கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தார், பிறகு நிமிர்ந்தார். முதல் கலியாணத்தன்று சிரித்த அதே இடத்தில் நின்று நான் அழுதேன்.

போய் வாரும், மரியதாஸ். நீர் செய்தது நல்லாயிருக்கு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு சிறிய வேலை. ஒரு பிளாஸ்டிக் மூடியின் நடுவில் சற்றுப் பெரிய துளை போட்டு, அதற்குள் ஒரு பென்சிலைக் கோத்து, மூடியின் விளிம்பில் ஒரு நாணயத்தை ஒட்டி, பென்சிலைக் கிடையாகப் பிடித்து விரல்களால் மெல்ல உருட்டிப் பாருங்கள்: பென்சில் சுற்றும், நாணயம் அடியிலேயே நிற்கும்.