குந்தினவள் மலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்த காலத்தில், முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருசம்மாள் இருந்தாள். கருவாடு உலர்த்துவதும் விற்பதும் அவள் தொழில். அவள் புருஷன் அங்கமுத்து, துணிப்பொதிகளை அலை தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோகிற படகில் துடுப்புப் போட்டவன். ஒரு தை மாதம், கப்பலில் ஆள் போதவில்லை என்றார்கள். கிழக்கே கடல் தாண்டிப் பத்தாவியா வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று அவனே விரும்பி ஏறிப் போனான். அந்தக் கப்பல் திரும்பி வரவில்லை. வேறு கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்தவர்களைக் கேட்டால் கையை விரித்தார்கள்.

இரண்டு ஐப்பசி மழை கடந்த பிறகு ஊர் கூடிப் பேசியது. கடலில் போய்த் திரும்பாதவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாக வேண்டும், இல்லையென்றால் அவன் அலைந்துகொண்டே இருப்பான் என்பது அவர்கள் வழக்கம். பங்குனியில் இருசம்மாளின் தாலியை இறக்குவது என்று முடிவாயிற்று. முடிவைச் சொல்ல வந்தவர் பொன்னுரங்கம். குப்பத்துக்குத் தலைவரான நாட்டார், அங்கமுத்துவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

இருசம்மாள் அழவில்லை.

“மாசியில காளாஸ்திரிக்கு வண்டி போவுமே மாமா. இந்த வாட்டி நானும் வரேன்,” என்றாள்.

“கருவாடு விக்கவா?”

“குந்தினவளப் பாக்கணும்.”

குந்தினவள் என்பது மேற்கே காளாஸ்திரி வழியில் இருக்கிற மலை. கரையில் நின்று பார்த்தால் பனைமரத் தலைகளுக்கு மேலே நீலக் கறையாகத்தான் தெரியும். கட்டுமரம் அலைகளைத் தாண்டி, பனைகள் கோரைப்புல் அளவுக்குச் சிறுத்த பிறகு அது உருவம் கொள்ளும். தலை, தோள், மடி. ஒரு பெண் கடலைப் பார்த்துக் குந்தியிருப்பாள். வலை விரிக்கிற இடத்தை ஆண்கள் அவளை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். தலை தோள்மேல் நேராக நிற்க வேண்டும், கோட்டைக் கொடிமரம் இன்ன பனைக்கு நேராக வர வேண்டும். இரண்டும் பொருந்திய இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் மீன் உண்டு.

“உன்ன மாரியே இருக்காடி,” என்று அங்கமுத்து சொல்வான். “கருவாட்டக் காய வெச்சிட்டு காக்கா ஓட்டிக்கினு குந்துவியே, அப்படியே.”

இருசம்மாள் அவளை அந்த உருவத்தில் பார்த்ததே கிடையாது. அந்தக் குப்பத்தில் பெண்கள் கட்டுமரத்தில் ஏறுவதில்லை. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். கிழக்கே போகிறவன் கண்ணிலிருந்து கரை மறையும், பனை மறையும், கடைசியாக மறைவது குந்தினவள். அப்படியென்றால் அங்கமுத்துவைக் கடைசியாகப் பார்த்தவளும் அவள்தான். அவள் பக்கத்தில் போய் நின்றால் அவனைப் பற்றி ஏதோ ஒன்று விளங்கிவிடும் என்று இருசம்மாள் நம்பினாள். என்ன விளங்கும் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பொன்னுரங்கம் சரி என்றார். “பாத்துட்டு வந்து ஊர் சொல்றத கேக்கணும்.”

“கேக்குறேன் மாமா.”

உப்பும் கருவாடும் பழவேற்காட்டு ஏரிப் படகில் ஆரம்பாக்கம் கரைக்குப் போய், அங்கிருந்து வண்டிகளில் ஏறின. வண்டிக்காரர்களுக்குத் தலைவன் ஓபய்யா என்கிற தெலுங்கன். வருஷா வருஷம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இந்தச் சுமையை ஓட்டுகிறவன்.

கடற்கரை மனிதர்கள் தரையில் பயணம் போனால் எப்படி இருக்கும் என்பதை அவன் ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பான். தங்குகிற இடத்தில் மாட்டை அவிழ்க்கும் முன்பே பொன்னுரங்கம் விரலை நனைத்துக் காற்றுக்கு நீட்டுவார். அவர் சொல்கிற பக்கமாக எல்லா வண்டிகளின் மூக்கும் திரும்ப வேண்டும். திருப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கிணற்றைக் கண்டால் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு வாய் குடித்து, “இதுவும் தித்திக்குது!” என்று ஆச்சரியப்படுவார்கள். சத்திரத்துக்காரர் வாடை தாங்காமல் அடித்து விரட்டுவார். புளியமரத்தடியில் படுத்தால் ஒருவருக்கும் தூக்கம் வராது.

“அலைச் சத்தமே இல்ல,” என்று புலம்பினாள் எல்லம்மா. இருசம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, வாயாடி. “யாரோ வாயப் பொத்திக்கினு பக்கத்துல நிக்கிற மாரி இருக்குது. ஏ ஓபய்யா, உன் மாட்ட கொஞ்சம் பெருமூச்சு வுடச் சொல்லு. கண்ணயர்றேன்.”

“மாடு உங்க வாடையில மூச்சே வுடலம்மா,” என்றான் ஓபய்யா.

இருசம்மாளும் சிரித்தாள். அங்கமுத்து போன பிறகு அவள் சிரித்து எல்லம்மா பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பனைகள் விலகி மலை வெளியே வந்தது. வண்டியில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த மலை, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தோள் ஒரு இடத்தில் கிடந்தது. தலை அதை விட்டுக் கழன்று தெற்கே தள்ளித் தனியாக நின்றது.

“இன்னா மாமா, கழுத்து எங்க?” என்றாள் இருசம்மாள்.

பொன்னுரங்கம் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தெளிந்த முகத்தோடு உட்கார்ந்தார். “நம்ம எடம் தப்பிட்டோம். தலை தெக்கே சாஞ்சா வடக்கே துடுப்பு போடணும். நேராயிடும். ஓபய்யா, வடக்கே திருப்பு.”

“வடக்கே வண்டிப்பாட்டை இல்லையே நாட்டாரே!”

“கடல்ல மட்டும் பாட்டையா போட்டு வெச்சிருக்குது? திருப்புய்யா.”

கூலி கொடுக்கிறவர் சொல் என்று ஓபய்யா திருப்பினான். வண்டிகள் வரப்பு ஏறின, முள்ளுக்குள் நுழைந்தன. ஒரு பாதி வற்றிய ஏரியில் முதல் வண்டி அச்சுவரை புதைந்தது. ஆண்கள் கட்டுமரம் தள்ளுகிற பாட்டைப் பாடிக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். உப்பு மூட்டைகளில் ஒன்று சேற்றோடு கரைந்தே போயிற்று. ஆனால் பொன்னுரங்கம் சொன்னது பொய்யாகவில்லை. வடக்கே போகப் போகத் தலை மெல்ல நகர்ந்து தோளை நோக்கி வந்தது. ஆண்கள் ஆரவாரம் செய்தார்கள்.

“இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம் தள்ளு!”

தலை தோளுக்கு நேராக வந்த இடத்தில், தலையே இல்லாமல் போயிற்று. முன்னால் இருந்த குன்று அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு உயரமாக எழுந்து, பின்னால் இருந்ததை முழுதாக மறைத்துவிட்டது. ஆரவாரம் நின்றது.

“போச்சு. தலையில்லாதவளாப் பண்ணிட்டாரு நாட்டாரு,” என்றாள் எல்லம்மா.

யாரும் சிரிக்கவில்லை. இருசம்மாளின் கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்ததை எல்லம்மா அப்போதுதான் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அது ரெண்டு மலை,” என்றான் ஓபய்யா, சேற்றை வழித்தபடி. “எங்க நைனா காலத்துலருந்து ரெண்டுதான். நடுவுல மூணு ஊரு இருக்குது. அதுல ஒண்ணுலதான் நான் பொண்ணு எடுத்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

இருசம்மாள் வண்டியிலிருந்து இறங்கி முன்குன்றை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பொன்னுரங்கம் கூப்பிட்டது காதில் விழவில்லை. எல்லம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மணலில் நடந்தே பழகிய கால்கள். பாறை சுட்டது. எல்லம்மா வழியெல்லாம் மலையைத் திட்டிக்கொண்டே ஏறினாள். உச்சிக்கு வந்ததும் இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். மேற்கே ஓபய்யா சொன்னபடியே பள்ளமும் வயல்களும் ஊர்ப்புகையும் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் இன்னொரு மலை, இந்த மலையோடு எந்த உறவும் இல்லாதது போல நின்றது. கிழக்கே வெகுதூரத்தில் வெள்ளிக்கம்பி மாதிரி ஒரு கோடு.

“அது ஏரியா, கடலாக்கா?”

“தெரியலியேடி,” என்றாள் எல்லம்மா.

இருசம்மாள் அந்த வெள்ளிக்கம்பியைக் கண் எரிகிறவரை பார்த்தாள். ஒரு கப்பலையும் காணோம். இங்கிருந்து ஒருவன் போவதை ஒருத்தி பார்த்திருக்கவே முடியாது. பாறையைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் பாறை.

கீழே வந்ததும் பொன்னுரங்கம் தணிந்த குரலில் கேட்டார். “பாத்தாச்சா? மனசு ஆறுச்சா?”

“இல்ல மாமா. அவ இங்க இல்ல.”

“அப்புறம் எங்க?”

“கடல்ல இருக்கா. அங்கருந்து பாத்தாத்தான் இருக்கா. என்ன கட்டுமரத்துல இட்டுக்கினு போ.”

“பொம்பளைய மரத்துல ஏத்துனா ஊரு இன்னா சொல்லும்?”

“தாலியக் கேக்குது இல்ல ஊரு? குடுக்குறதுக்கு முன்ன ஒரு வாட்டி அவளப் பாத்துடறேன்.”

அவர் வண்டிகளைப் பழைய பாட்டைக்குத் திருப்பச் சொன்னார். காளாஸ்திரியில் சிவராத்திரி முடிகிறவரை கருவாட்டு வண்டிகளை ஊருக்குள் விடவில்லை. விரதம் முடிந்த மறுநாள் கூட்டம் அலைமோதி வாங்கிப் போயிற்று. எல்லம்மா தொண்டை கட்டும்வரை கூவினாள். இருசம்மாள் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வருகிற வழியில் பொன்னுரங்கம் காற்றுக்கு விரல் நீட்டவே இல்லை. வண்டிகள் நின்றபடி நின்றன. மலைகளைக் கடந்தபோது மட்டும், ஒன்றை விட்டு ஒன்று விலகுவதைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பங்குனியில் தாலி இறக்கக் குறித்த நாள் விடியலில் அவள் குடிசை வாசலில் வந்து நின்றார். “கெளம்பு,” என்றார்.

கரையில் இருந்த ஆண்கள் முணுமுணுத்தார்கள். நாட்டார் என்பதால் எவனும் குறுக்கே வரவில்லை. கட்டுமரத்தின் நடுவில் அவளை உட்காரவைத்து, கட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். அலைகள் அவளைத் தலையோடு நனைத்தன. அலைகளைத் தாண்டியதும் வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது முதுகில் வெயில் ஏறியிருந்தது. பனைகள் கோரையாகச் சிறுத்திருந்தன.

“இப்பப் பாரு,” என்றார் பொன்னுரங்கம்.

மேற்கே அவள் இருந்தாள். தலை, தோள், மடி. நடுவில் ஊர்கள் இல்லை, பள்ளம் இல்லை. முழங்கால்மேல் கையை வைத்து, கடலை நோக்கி, யாரும் சொல்லாமலே அடையாளம் தெரிகிற மாதிரிக் குந்தியிருந்தாள். அங்கமுத்து சொன்னது நிஜம். அப்படியே இருந்தது.

அவர் துடுப்பைத் தூக்கி வைத்தார். மரம் ஏறி இறங்கியது. வெகுநேரம் கழித்து, “போலாமாம்மா? கரையில காத்துக்கினு இருப்பாங்க,” என்றார்.

“அவ இன்னும் எழுந்திருக்கல மாமா.”

பொன்னுரங்கம் மலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தம்பி இறந்துவிட்டான் என்று ஊரில் முதலில் சொன்னவர் அவர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பை எடுத்தார்.

கரையில் தாம்பாளமும் புதுப்புடவையுமாக நின்றவர்களிடம், “இந்த வருஷம் வேணாம்,” என்றார். அவர்கள் காரணம் கேட்டார்கள். மரத்தை மணலில் இழுப்பதிலேயே கண்ணாக இருந்தார். அடுத்த பங்குனியிலும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இருசம்மாள் அதன் பின்னால் மலைக்கும் போகவில்லை, மரத்திலும் ஏறவில்லை. கருவாடு உலர்த்தும்போது மட்டும் மேற்கே முதுகு காட்டி, கடலைப் பார்த்துக் குந்தினாள். மற்றப் பெண்கள் காலை வெயிலுக்குப் பயந்து மறுபக்கம் திரும்பியிருப்பார்கள்.

“மூஞ்சி கருகுதுடி, இப்படித் திரும்பிக் குந்தேன்,” என்பாள் எல்லம்மா.

“இருக்கட்டும் அக்கா,” என்று சொல்லி, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, காக்கையை விரட்டுவாள்.