ஆட்டோமேட்டிக்குக்கு ஓர் ஆள்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். மொட்டைமாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு முதுகு. அதற்கு அப்பால் ஆளுயரத்தில் ஒரு வெள்ளை உருளை. உருளையின் அடியில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்த சிவப்புக் குமிழை அந்த ஆள் கட்டைவிரலால் அழுத்தியபடி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் போனபோது நாற்பத்து மூன்று.

அறுபது வந்ததும் விரலை எடுத்து, குனிந்து, உருளையின் அடியிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலச் சுடர் நின்றது.

"அம்பதுல கைய எடுத்தா கோச்சிக்கும் சார்," என்றார் திரும்பாமலே. "அறுவது வரிக்கும் மரியாதையா புட்ச்சாதான் நிக்கும்."

குழாயில் ஏன் பச்சைத் தண்ணீர் வருகிறது என்று பார்க்கத்தான் மேலே போயிருந்தேன். காரணம் தெரியவில்லை. ஆட்டோமேட்டிக் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்ட ஒரு கருவியை ஒருவர் கையால் ஓட்டுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ராயபுரத்தில் துறைமுகச் சுவரிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஆண்கள் விடுதி அது. கண்டெய்னர் கம்பெனிகளில் கணினி முன்னால் உட்காருபவர்கள், எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், பத்திரிகையின் கடைசிப் பதிப்பை அனுப்பிவிட்டு விடியலில் வந்து படுக்கும் நான். எல்லோருக்கும் காலையில் ஒரு வாளி வெந்நீர் என்பது வாடகையோடு சேர்ந்த வாக்குறுதி. அந்த வாக்குறுதியைப் பல வருடங்கள் காப்பாற்றியவர், பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்த வியாசர்பாடிக்காரர். விடுதியில் எல்லோருக்கும் அவர் நைனா. பழைய பேக்கிங் மரத்தை வெட்டிப் போட்டு ஒரு தகர பாய்லரை எரிப்பார். புகை எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியில் படிகிறது என்று புகார் போனது. விடுதி உரிமையாளரான பாய், மூடப்பட்ட ஏதோ ஒரு ஓட்டலிலிருந்து இந்தக் கேஸ் ஹீட்டரை வாங்கி வந்தார்.

பொருத்த வந்த மெக்கானிக் பெரம்பூர்க்காரர். நன்றாக விளக்கிச் சொன்னார். தொட்டிக்குள் ஒரு செப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சூடானால் அது துளி நீளும், பெட்டிக்குள் இருக்கும் வால்வு கேஸை மூடும். ஆறினால் சுருங்கும், வால்வு திறக்கும், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடரிலிருந்து பெரிய பர்னர் பற்றிக்கொள்ளும். காற்றில் அந்தச் சின்னச் சுடர் அணைந்துபோனால்கூடப் பயமில்லை, பக்கத்தில் இருக்கும் கம்பி ஆறியதும் வால்வு மொத்தக் கேஸையும் தானே அடைத்துவிடும். "குமிழ அமுக்கி அறுவது எண்ணி ஒரு தபா ஏத்தி வுட்டா போதும் பாய். ஆளே வாணாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நைனா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சிலிண்டரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றியவர் அவர்தான்.

பாய் அன்றைக்கே அவரிடம் பேசினார். மரியாதைக்காரர், சுற்றி வளைத்துத்தான் பேசினார். "தை வரிக்கும் இருப்பா. மெஷின் எப்டி ஓடுதுன்னு பாப்போம். அப்பால பேசிக்கலாம்." தையில்தான் நைனாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் புளியந்தோப்பில் இருந்து வந்து கேட்ட முதல் கேள்வி, பெண்ணின் அப்பாவுக்கு மாதச் சம்பளமா, தினக் கூலியா என்பது. மாதச் சம்பளம் என்று சொல்லித்தான் தட்டு மாற்றினார்கள்.

ஹீட்டர் முதல் நாள் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் நாள் விடியலில் தண்ணீர் ஐஸ். நைனா வந்து அறுபது எண்ணினார். சுடர் நின்றது, பர்னர் பிடித்தது, ஆறு மணிக்கு வெந்நீர் வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாளும். விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவியது: மெஷின் சரியில்லை, நைனா இருப்பதால் பிழைத்தோம். என் அறையில் இருந்த துறைமுகக் கிளார்க், கடற்காற்றுதான் சுடரை அணைக்கிறது என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். காற்று எந்தத் திசை என்று விரலை நனைத்துத் தூக்கியும் காட்டினார். பாய் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். மறுநாளும் ஐஸ். மெக்கானிக் வந்து சுடருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியை மாற்றினார். மறுநாளும் ஐஸ்.

காரணத்தை நான் கண்டுபிடித்தது துணி காயப்போட மாடிக்குப் போன ஒரு காலை ஒன்பதரை மணிக்கு. எல்லோரும் குளித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். சிவப்புக் குமிழை ஆஃப் பக்கம் திருப்பினார். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். சிலிண்டர் வாயையும் அடைத்தார். இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

"நைனா, இன்னா பண்றீங்க?"

"வூட்டுக்குப் போறேன்."

"அத ஏன் அணைச்சீங்க?"

நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார். "நெருப்ப தனியா வுட்டுட்டு எவனாச்சும் போவானா சார்?"

அது தானாகவே எரிய வேண்டிய சுடர், அணைந்தாலும் கேஸ் தானே நின்றுவிடும் என்று மெக்கானிக் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கம்பெனிக்காரன் வூடு எரிஞ்சுதா, என் வூடு எரிஞ்சுதா?"

அவர் வீடு இரண்டு முறை எரிந்திருந்தது. மாடிக் குடியிருப்பு கிடைப்பதற்கு முன்னால், குடிசையாக இருந்த காலத்தில். அந்த வரிசையில் யார் வெளியே கிளம்பினாலும் அடுப்பில் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கிளறிப் பார்த்து, பக்கத்துக் குடிசையில் "அடுப்ப அணைச்சாச்சுக்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். சொல்லாமல் போனவளோடு ஒரு மாதம் யாரும் பேச மாட்டார்கள். இப்போது மூன்றாவது மாடியில் கான்கிரீட் வீட்டில் இருக்கிறார்கள். இப்போதும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆக, ஒரு கருவியைத் தினமும் அணைத்துவிட்டுப் போகிற ஆள், மறுநாள் அதை ஏற்றத் தேவைப்படுகிற ஆளாக இருந்தார். அதில் சூது ஏதும் இல்லை. தன் வேலையைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. தெரிந்தது எனக்கு. நான் பாயிடம் ஒரு வரி சொன்னால் போதும், மெஷின் சரியாகிவிடும்.

சொல்லவில்லை. உறுதிப்படுத்த இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பத்திரிகை டெஸ்கில் சங்கடமான செய்தியைத் தள்ளிப்போட நாங்கள் வழக்கமாகச் சொல்வது அதுதான்.

அந்த வாரமே நைனா கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் படியை என்னிடம் கொண்டு வந்தார். "பேப்பர்ல தப்பு பாக்குற ஆளு நீங்க. ஒரு தபா பாருங்க சார்." அவர் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், 'ஆட்டோமேட்டிக் ஹீட்டர் ஆப்பரேட்டர், ராயபுரம்' என்று இருந்தது. முகூர்த்த நேரத்தில் ஒரு பிழை, மண்டபத்தின் முகவரியில் ஒரு பிழை. இரண்டையும் திருத்தினேன். அடைப்புக்குறியைத் தொடவில்லை.

இரண்டாவது ஆதாரம் தானாகவே வந்தது. பாய் மறுபடியும் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் காலை ஒன்பது மணிக்கு வந்து, வால்வுப் பெட்டியைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நைனாவைக் கேட்டார்.

"மாமு, நீ கெளம்பறப்ப இத்த இன்னா பண்ணுவ?"

"அணைச்சிட்டுப் போவேன். பின்ன, எரிய வுட்டுட்டா போவாங்க?"

மெக்கானிக், பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். நான் துறைமுகத்துக் கிரேனைப் பார்த்தேன்.

சர்வீஸ் அட்டையில் அவர் எழுதியது இரண்டே வரி: 'கன்ட்ரோல் வால்வு நல்ல நிலையில் உள்ளது. ஆப்பரேட்டர் அவசியம்.' யாருக்கு அவசியம் என்று எழுதவில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். படியில் இறங்கும்போது சொன்னார்: "வால்வு வேலைய வால்வு பாக்குது சார். அந்தாளு வேலைய நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

பாய் அட்டையைப் படித்தார். ஆனாலும் வியாபாரி. தை முடியட்டும் என்ற தவணையை மாற்றவில்லை.

கல்யாணத்துக்கு நைனா நான்கு நாள் விடுப்பு கேட்டார். கிளம்புவதற்கு முன் அறுபது எண்ணுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். "காலைல ஏத்துங்க. ஒம்போதரைக்கு அணைச்சுடுங்க. மறந்துடாதீங்க, என் பேரு கெட்டுடும்." தலையாட்டினேன்.

முதல் நாள் ஐந்து மணிக்கு ஏற்றினேன். ஒன்பதரைக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன். அது திட்டம் அல்ல, தூக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து முகம் கழுவக் குழாயைத் திறந்தால் வெந்நீர். அப்போதுதான் செய்துவிட்ட காரியம் உறைத்தது. ஆளில்லாமல் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பெரம்பூர்க்காரர் சொன்ன மாதிரியே. தவணை முடியும் தறுவாயில், ஆப்பரேட்டர் இருக்கிற நாளிலெல்லாம் அணைந்துபோன மெஷின், அவர் இல்லாத நாளில் நாள் முழுக்க வெந்நீர் தருகிறது. நைனாவை அனுப்ப இதற்கு மேல் பாய்க்கு எந்த அட்டையும் வேண்டாம்.

அணைத்துவிடலாம் என்று மாடிக்கு ஓடினேன். அங்கே கிளார்க் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு. இரண்டாவது முறை குளித்திருந்தார்.

"பாத்தியா தோஸ்து? நைனா நம்மள எப்டி கவனிச்சிகினு கீறாரு பாரு."

"நைனா இல்லியே?"

"அதான் சொல்றேன். இல்லாதப்பவும் ஓடற மாதிரி செட் பண்ணிட்டுப் போயிருக்காரு. அந்த மெக்கானிக் ரெண்டு தபா வந்து இன்னாத்த கிழிச்சான்? கைராசி வேணும்பா."

மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் இதுவே முடிந்த முடிவு. ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார், ஒருவர் சிங்கத்தின் படம். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும், நான்காம் நாளும் எல்லா வேளையும் வெந்நீர். நான் குமிழைத் தொடவேயில்லை.

நான்காம் நாள் பாய் மாடிக்கு வந்தார். ஜன்னலில் குனிந்து சுடரைப் பார்த்தார். தொட்டியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். நான் துணி எடுக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

"நாலு நாளு, ஆளே இல்ல," என்றார்.

"ஆமாம் பாய்."

"ஒரு நாளு கூட அணையல."

"இல்ல."

சிவப்புக் குமிழை ஒரு விரலால் தடவிப் பார்த்தார், திருப்பவில்லை.

"அவன் கை பட்டாதான் இது கேக்குது. இத்தினி நாளு புரியல எனக்கு. இந்த மாரி ஆள வுட்டா அப்பால எங்க போய்ப் புடிக்கிறது, சொல்லுங்க?"

கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். அந்த வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நேரடியான கேள்வி அது.

தவணைப் பேச்சு அதோடு போனது. நைனா மஞ்சள் கறை போகாத வேட்டியோடு திரும்பி வந்து, முதல் வேலையாக மாடிக்குப் போய், சுடர் எரிவதைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"அணைச்சீங்களா சார், நாலு நாளும்?"

"நல்லா ஓடிச்சு நைனா."

"அத்த கேக்கல."

"தூங்கிட்டேன்."

என் அம்மாகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பாய் அவரை வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொண்ட செய்தியை அதற்குப் பிறகுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வருடம் பாய் எர்ணாவூரில் இன்னொரு விடுதி திறந்தார். அதற்கும் அதே மாதிரி கேஸ் ஹீட்டர். நைனா தன் மச்சானைச் சொன்னார், பாய் சரி என்றார். மச்சான் வேலைக்குச் சேர்ந்தது திங்கட்கிழமை. ஹீட்டர் வந்தது வியாழக்கிழமை.